வீடும் தெருவும் வளர்க்கும் பிள்ளை

ஒருவருடைய தாய்மொழி எது? மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் இதற்குத் தெளிவான விளக்கம் உண்டு. குழந்தைப் பருவத்தில் தாய் எந்த மொழியில் பேசினாரோ, அதுவே தாய்மொழி. தாயை இழந்து வளர்ந்த பிள்ளையானால், வீட்டில் பேசப்பட்ட மொழி. சொந்த ஊர் எது, குலதெய்வம் எது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. காதில் விழுந்த பேச்சுதான் கணக்கு.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தில் சுமார் 5 லட்சம் பேர் தமிழைத் தாய்மொழியாகப் பதிவு செய்தார்கள். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027க்கு அறிவிக்கப்பட்டது. இந்த எண்ணிக்கை இனிக் கூடுமா, குறையுமா? ஊரிலிருந்து ரயில் ஏறி வருகிறவர்கள் மட்டும் இதை முடிவு செய்யப் போவதில்லை. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் ஒரு தாய் தன் பிள்ளையை எந்த மொழியில் சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்பதும் சேர்ந்தே முடிவு செய்யும்.

"எங்கே பிறந்தாலும் தமிழன் தமிழன்தான், அது ரத்தத்தில் ஊறியது" என்று விழா மேடைகளில் பேசப்படுகிறது. கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் ரத்தத்தில் மொழி இல்லை. பிறந்த குழந்தைக்கு எந்த மொழியும் தெரியாது. எந்தச் சாதியும் தெரியாது. தாய் சொல்லிக் கொடுக்கிறாள், தகப்பன் நடந்து காட்டுகிறான், பக்கத்து வீட்டார் சிரிக்கிறார்கள், தெருப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், வாத்தியார் திருத்துகிறார். இத்தனை பேரும் சேர்ந்துதான் "நான் இன்னார்" என்று ஒரு பிள்ளையைச் சொல்ல வைக்கிறார்கள்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். நடிகர் ரஜினிகாந்த் 1950இல் பெங்களூரில் ஒரு மராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் மராத்தி, பள்ளியில் கன்னடம், பஸ் கண்டக்டர் வேலையும் பெங்களூரில்தான். தமிழ் அவருக்குப் பிழைப்புக்காகக் கற்ற மொழி. ஆனால் தமிழ்நாடு அவரை அந்நியர் என்று தள்ளிவிடவில்லை. பாடகர் டி.எம்.சௌந்தரராஜன் மதுரையில் சௌராஷ்டிர மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். தமிழை எப்படி உச்சரிக்க வேண்டும் என்பதற்குத் தமிழர்கள் அவருடைய பாட்டைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். வீட்டு மொழி ஒன்றாகவும், நாட்டு மொழி வேறாகவும் இருந்தால் மனிதன் இரண்டாகப் பிளந்து போவதில்லை என்பதற்கு இவர்களே சாட்சி.

ஆகவே, மும்பையில் வளரும் தமிழ்ப் பிள்ளை மராத்தியில் சரளமாகப் பேசுவதைக் கண்டு பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை. இந்த மண்ணின் மொழியை முறையாகக் கற்றுக்கொள்வது பிள்ளையின் கடமை மட்டுமல்ல. அதன் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது. 2020இல் இயற்றப்பட்ட சட்டம் மகாராஷ்டிரப் பள்ளிகள் அனைத்திலும் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. இதைச் சுமை என்று கருதுவதைவிட, அண்டை வீட்டாருடன் மனம்விட்டுப் பேசக் கிடைத்த வாய்ப்பு என்று கருதுவதே அறிவுடைமை. கவலைப்பட வேண்டியது பிள்ளை மராத்தி பேசுவதைப் பற்றியல்ல. தமிழ் படிக்கத் தெரியாமல் வளர்வதைப் பற்றித்தான்.

எழுத்து போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சாவூர் ஒரு பாடம். 1676இல் தொடங்கிய மராத்தியர் ஆட்சி அங்கே 1855 வரை நீடித்தது. பெரிய கோயில் சுவரில் மராத்திக் கல்வெட்டு இருக்கிறது. சரசுவதி மகால் நூலகத்தில் மோடி என்னும் பழைய மராத்தி எழுத்தில் எழுதிய கட்டுக் கட்டான ஆவணங்கள் இருக்கின்றன. தஞ்சை மராத்தியர் வீடுகளில் இன்றும் மராத்தி பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் படிப்பதும் எழுதுவதும் பெரும்பாலும் தமிழில்தான். தங்கள் முன்னோர் எழுதி வைத்ததைப் படித்துச் சொல்ல, அந்த எழுத்து தெரிந்த ஒரு சிலரைத் தேட வேண்டியிருக்கிறது. வீடு பேச்சைக் காப்பாற்றும். எழுத்தைக் காப்பாற்ற யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அரச பரம்பரைக்கே இந்த நிலை என்றால், கூலிக்கு வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் கதி என்ன?

தமிழர் என்ற பெயரும் எல்லாருக்கும் ஒன்றுபோல் வாய்க்கவில்லை. ஆங்கிலம் படித்துக் குமாஸ்தாக்களாகவும் டைப்பிஸ்டுகளாகவும் வந்தவர்கள் மாட்டுங்காவில் குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் ஏற்பட்டது. 1952இல் சண்முகானந்த சங்கீத சபை ஏற்பட்டது. அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியும் கச்சேரியும் கோயிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் தாராவியில் குடியேறினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒண்டிக் குடித்தனமும், தெருக் குழாயும், கோயில் கொடையும், ரசிகர் மன்றமும்தான் பள்ளிக்கூடம். இரண்டு பேரும் தமிழர்தான். ஆனால் ஒருவன் "நான் தமிழன்" என்று சொல்லும்போது நிமிர்ந்து சொன்னான். மற்றவன் எதிரே நிற்பவர் யார் என்று பார்த்துச் சொன்னான்.

அப்படிப் பார்த்துச் சொல்லக் காரணம் இருந்தது. 1966இல் சிவசேனை தோன்றியபோது, தென்னிந்தியர்கள் வேலைகளைப் பறிக்கிறார்கள் என்பதுதான் அதன் முதல் முழக்கம். லுங்கி கட்டுவது கேலிக்குரியது ஆயிற்று. வெளியில் தமிழில் உரக்கப் பேசாதே என்று பிள்ளைகளைப் பழக்கிய வீடுகள் உண்டு. சென்னை ராஜதானி போய், 1969இல் தமிழ்நாடு என்று பெயர் மாறிய பிறகும் "மதராசி" என்ற பட்டம் மாறவில்லை. தான் தமிழன் என்று தெரிந்துகொள்ளும் முன்பே தான் மதராசி என்று தெரிந்துகொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். அதே பிள்ளை மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனால், அங்கே "பம்பாய்க்காரன்" என்கிறார்கள். அவன் பேசும் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். இங்கேயும் வெளியாள், அங்கேயும் வெளியாள் என்றால் அவன் எந்த ஊர்க்காரன்?

காலம் மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. 2014இல் சயான் கோலிவாடா தொகுதி மக்கள் ஒரு தமிழரையே சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். தமிழர் வாக்கு மட்டும் ஒரு தொகுதியை வென்று தராது. கலந்து பழகியதற்குக் கிடைத்த பலன் அது. ஆனால் வெளியே உள்ள கேலி குறைந்தால் மட்டும் போதாது. வீட்டுக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும்.

ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், ரயில்வே முன்பதிவு கவுண்டரில், பத்து வயதுப் பிள்ளை தகப்பனுக்காகப் பேசுகிறது. படிவத்தை நிரப்புகிறது. அதிகாரி பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கிறார். தகப்பன் பக்கத்தில் மௌனமாக நிற்கிறார். இதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை. அதன் கெட்டிக்காரத்தனம் பாராட்டத்தக்கதே. ஆனால் அப்பாவின் மொழி எந்தக் கவுண்டரிலும் செல்லாத காசு என்ற எண்ணம் அந்த வயதிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. பிறகு அப்பா சொல்லும் நல்ல புத்தியும் செல்லாத காசாகிவிடும். நான்கு வரி மராத்தியும் இந்தியும் பெரியவர்கள் கற்றுக்கொள்வது, பிள்ளைகள் முன் தங்கள் மரியாதையைக் காப்பாற்றிக் கொள்வதற்கும்தான்.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தைச் சொல்லித்தர நேரமில்லை, டியூட்டியும் ஓவர்டைமும் சரியாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அதே வீட்டில் சாதியைச் சொல்லித்தர நேரம் இருக்கிறது. யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யாரோடு பழகக் கூடாது என்பதை அ, ஆ தெரியாத பிள்ளையும் தெரிந்து வைத்திருக்கிறது. அதற்குப் பாடப்புத்தகம் இல்லை, வகுப்பு இல்லை. பெரியவர்களின் முகச் சுளிப்பே போதும். ஆயிரம் மைல் கடந்து வந்தபோது ஊரில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டியது அது. அதைப் பத்திரமாகக் கொண்டு வந்து, கொண்டு வர வேண்டிய எழுத்தைப் பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டதுதான் வேதனை. பண்பாடு என்ற பெயரில் மகளுக்கு மட்டும் கட்டுப்பாடு, மகனுக்கு எல்லாச் சலுகையும் என்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. வீட்டுக்குள் தமிழைக் காத்துத் தருகிறவள் பெரும்பாலும் பெண்தான். அவள் படிப்பை நிறுத்திவிட்டு எந்தப் பண்பாட்டைக் காப்பாற்ற முடியும்?

வழி இல்லாமல் இல்லை. அரசியல் சட்டத்தில் 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 350 ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது. மும்பை மாநகராட்சி தமிழ் வழியிலும் பள்ளிகள் நடத்தி வந்திருக்கிறது. ஆனால் மேல்படிப்புக்கும் வேலைக்கும் ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. பிள்ளையை எந்த வழிப் பள்ளியில் சேர்ப்பது என்பது அவரவர் சூழ்நிலையைப் பொறுத்தது. பள்ளி தராததை வீடும் சங்கமும் தர முடியும் என்பதே இங்கு வற்புறுத்த வேண்டியது.

ஊருக்குப் போக 60 நாள் முன்பே விழித்திருந்து டிக்கெட் பதிவு செய்கிற குடும்பம், நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் சில மாதங்களில் பிள்ளை தமிழ் வாசிக்கும். தேவநாகரியும் ஆங்கிலமும் எழுதுகிற பிள்ளைக்கு மூன்றாவது எழுத்து பெரிய மலை அல்ல. இரவில் அப்பா பத்திரிகையைக் கையில் கொடுத்து, "தலைப்பை மட்டும் படி" என்று சொன்னால் போதும். தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் மாதம் ஒரு கடிதம் பிள்ளையின் கையால் போகட்டும். நான்கு வரியாக இருந்தாலும் சரி, பிழையாக இருந்தாலும் சரி.

சங்கங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கியும் பூமாலையும் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை மாலை நேரத் தமிழ் வகுப்புக்கு ஒதுக்கலாம். அந்த வகுப்பின் வாசலில் சாதியின் பெயர் இருக்கக் கூடாது. தை மாதத்தில் தாராவித் தெருக்களில் பெண்கள் வரிசையாகப் பொங்கல் வைக்கிறார்கள். அதே நாட்களில் மராத்திய வீடுகளில் எள்ளும் வெல்லமும் கலந்த இனிப்பைக் கொடுத்து, இனிமையாகப் பேசுங்கள் என்று வாழ்த்துகிறார்கள். பொங்கலை அங்கே கொடுத்து, எள்ளுருண்டையை இங்கே வாங்கிச் சாப்பிடும் பிள்ளை எதையும் இழப்பதில்லை. அத்தையும் மாமாவும் அவனுக்கு உண்டு. ஆத்யாவும் காகாவும் கூட உண்டு.

தமிழன் என்ற பெயர் சொத்துப் பத்திரம் அல்ல, பெட்டியில் வைத்துப் பூட்டிப் பேரனுக்குக் கொடுக்க. அது நாள்தோறும் ஏற்ற வேண்டிய அடுப்பு. ஏற்றுகிற வீட்டில்தான் எரியும். கணக்கெடுப்பவர் கதவைத் தட்டித் தாய்மொழி எது என்று கேட்கும்போது, பெரியவர்கள் சொல்லும் பதில் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் பிள்ளை அந்தப் பதிலைத் தமிழில் எழுதிக் காட்டுமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்கான வேலையை இன்று இரவே தொடங்கலாம்.