பரிந்துரையும் வழக்குரையும்

'இலக்கியம் சமூக சேவை அல்ல' என்ற வாக்கியத்தை நம் வட்டத்தில் சொல்லாதவர் குறைவு. சொல்பவருக்கு அதில் ஒரு சௌகரியம் உண்டு. இலக்கியம் எது என்று யோசிக்க வேண்டியதில்லை. சமூக சேவை எது என்று யோசிக்க வேண்டிய அவசியம் அதைவிட இல்லை. வாக்கியத்தின் முதல் பாதிக்காக நிறையச் சண்டை போட்டாகிவிட்டது. இரண்டாம் பாதியை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. அதைத் தொடலாம் என்று நினைக்கிறேன். இரண்டு வருஷம் அதைப் பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கியவன் என்ற அளவில் எனக்கு அதற்குக் கொஞ்சம் பாத்தியதை இருக்கிறது.

சமூகப்பணிக்கு அறிமுகம் என்ற பெயரில் இன்று எதைப் பிரித்தாலும் முதலில் நம்மை வரவேற்பது சமூகநீதிதான். சமூகப்பணியாளர்களின் சர்வதேச சம்மேளனம் 2014இல் ஏற்றுக்கொண்ட வரையறையிலேயே சமூகநீதி, மனித உரிமை, கூட்டுப் பொறுப்பு எல்லாம் இருக்கின்றன. வரையறையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தைப் புரட்டினால் வருவது வேறு: நேர்காணல் நடத்துவது எப்படி, கேஸ் ஹிஸ்டரி எழுதுவது எப்படி, வீட்டுக்குப் போய் வந்ததைப் பதிவு செய்வது எப்படி. நீதி முகவுரையோடு நின்றுவிடுகிறது. பாடம் முழுவதும் ஃபைல். இது தற்செயலாக நேர்ந்தது அல்ல.

1869இல் லண்டனில் தர்ம ஸ்தாபனங்களை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் தோன்றியது. கண்ட கண்டவர்களுக்குப் பிச்சை போடக் கூடாது, யோக்கியமான ஏழை யார், சோம்பேறி யார் என்று விசாரித்துப் போட வேண்டும் என்பது அதன் கவலை. இருபது வருஷம் கழித்து, 1889இல், சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எலென் ஸ்டாரும் ஹல் ஹவுஸ் என்ற வீட்டில் குடியேறினார்கள். குடியேறித் தொழிலாளர்கள் நடுவே வாழ்ந்த அந்த வீட்டுக்காரர்கள் 1895இல் வெளியிட்டது ஒரு வரைபடத் தொகுப்பு. எந்தத் தெருவில் யார் வாழ்கிறார்கள், வாரக்கூலி எவ்வளவு என்று வர்ணம் தீட்டிய வரைபடம். அங்கே வாழ்ந்த ஃப்ளோரன்ஸ் கெல்லி, இல்லினாய் ராஜ்யத்தில் பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்ற 1893ஆம் வருஷச் சட்டத்துக்காகப் போராடி, அதே ராஜ்யத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராகவும் ஆனார். இரண்டே வருஷத்தில் நீதிமன்றம் எட்டு மணி நேர விதியை ரத்து செய்தது. அவர் ஓயவில்லை.

ஆக, இந்தத் தொழிலுக்குப் பிறப்பிலேயே இரண்டு தாய்கள். ஒருத்தி ஏழையை விசாரித்தாள். மற்றவள் ஏழ்மையை விசாரித்தாள். 1915இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்ற கல்வி நிபுணர் வந்து, சமூகப்பணி ஒரு தொழில்தானா, அதற்கென்று சொந்த உத்தி உண்டா என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். பதறிப்போனார்கள். இரண்டு வருஷத்தில் மேரி ரிச்மண்டின் 'சோஷியல் டயக்னோசிஸ்' வெளிவந்தது. சூழ்நிலையையும் பார்க்கச் சொன்னவர்தான் ரிச்மண்ட். ஆனால் தொழில் அவரிடமிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டது வைத்தியரிடம் கடன் வாங்கிய அந்தச் சொல்லைத்தான். வியாதி நோயாளியின் உடம்பில் இருக்கிறது என்பது அந்தச் சொல்லோடு கூடவே வந்து சேரும் சாமான்.

நமக்கு இறக்குமதியானது இந்தச் சரக்கு. பம்பாயில் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரியின் முயற்சியில் 1936இல் டாட்டா பள்ளி. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியில் சென்னையில் ஒன்று. நடுவே 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும் என்று 49ஆம் பிரிவில் சொன்னது. படித்தவர்களுக்கு வேலை கிடைத்தது. சம்பளம் கொடுப்பவர் முதலாளி. நலம் பார்க்கப்பட வேண்டியவர் தொழிலாளி. இந்த ஏற்பாட்டில் நீதி எந்தப் பக்கம் நாற்காலி போட்டுக்கொள்ளும் என்று கேட்க எந்தப் பரீட்சையிலும் ஒரு கேள்வி வந்ததில்லை.

ஆனால் இந்தக் கேள்வி இந்த மண்ணில், டாட்டா பள்ளிக்கு நாலு வருஷம் முன்பே, கேட்கப்பட்டுவிட்டது. பூனா ஒப்பந்தத்தை ஒட்டித் தீண்டாமை ஒழிப்புக்கென ஒரு சங்கம் ஆரம்பிக்கப்பட்டது; பிற்பாடு ஹரிஜன சேவா சங்கம் என்று பெயர் மாறியது அதுதான். 1932 நவம்பரில், லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர் அதன் செயலாளர் தக்கர் பாபாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாழ்த்தப்பட்டவனின் கஷ்டத்துக்கு அவனுடைய நடத்தையே காரணம் என்று நம்புகிறவர்கள் மதுவிலக்கு, தேகப்பயிற்சி, நூலகம் என்று அவனைத் திருத்தக் கிளம்புவார்கள். அவன் வாழ நேர்ந்த சூழலே காரணம் என்று நினைக்கிறவர்கள் சூழலோடு மோத வேண்டிவரும் என்று இரண்டு வழிகளையும் பிரித்து வைத்தார். தாம் இரண்டாவது பக்கம் என்றார். கிணறு, பள்ளிக்கூடம், பொது வாகனம் இவற்றில் உரிமையை நிலைநாட்டச் சங்கம் கிராமங்களில் இறங்க வேண்டும், கலகம் வந்தாலும் வரட்டும் என்றார். வேலை செய்கிறவர்கள் அந்த மக்களிடமிருந்தே வர வேண்டும் என்றும் கேட்டார். கடிதம் கிடைத்தது என்றுகூட ஒரு வரி பதில் வரவில்லை என்று பின்னால் அவரே எழுதியிருக்கிறார்.

சமூகப்பணியின் மூலநூல் என்று இந்தியாவில் ஏதாவது ஒன்றைச் சொல்லலாம் என்றால் அது இந்தக் கடிதம்தான். நான் படித்த இரண்டு வருஷத்தில் ரிச்மண்ட் வந்தார், ஃப்ளெக்ஸ்னர் வந்தார், கடிதம் வரவில்லை. களப்பணிக்குப் போன கிராமத்தில், ஊர்க்கிணற்றில் சேரிக்காரர்களைத் தண்ணீர் எடுக்க விடுவதில்லை என்று என் அறிக்கையில் எழுதினேன். மேற்பார்வையாளர் சிவப்பு மையால் அடித்து, 'குடிநீர்ப் பற்றாக்குறை' என்று திருத்திக் கொடுத்தார். அவர் கெட்டவர் அல்லர். தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாஷை அது. 'விடுவதில்லை' என்ற வினைக்கு ஒரு எழுவாய் வேண்டும். யார் விடுவதில்லை என்று சொல்லியாக வேண்டும். 'பற்றாக்குறை'க்கு எழுவாய் தேவையில்லை. வானம் பார்த்துப் பெருமூச்சு விட்டால் போதும்.

இந்த இடத்தில்தான் விஷயம் எழுத்தாளனுடையதாகிறது. அட்வகஸி என்ற சொல்லைத் தமிழில் பரிந்துரை என்றும் பரிந்து பேசுதல் என்றும் எழுதுகிறார்கள். பரிவு மேலிருந்து கீழே வருவது. யாருக்காகப் பேசப்படுகிறதோ அவர் அந்த வாக்கியத்தில் வாயில்லாப் பிராணி. இதற்குத் தமிழில் வேறு வார்த்தை இல்லாமலா போயிற்று? சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே வழக்குரை காதை என்று பெயர். கண்ணகி பாண்டியனிடம் மனுக் கொடுக்கவில்லை. கணவனை இழந்தவள் என்று உதவித்தொகை கேட்கவில்லை. சிலம்பை உடைத்துப் பரல் மாணிக்கம் என்று காட்டினாள். அது சாட்சியம். நாமோ திங்கள்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிற ஜனங்களைப் 'பயனாளிகள்' என்கிறோம்.

வழக்குரைப்பது நம் காலத்திலும் நடந்திருக்கிறது. மனிதன் கையால் மலம் அள்ளுவதை 1993ஆம் வருஷச் சட்டம் தடை செய்தது. அதன் பிறகும் அது நடந்துகொண்டிருந்தது. 2003இல் ஸஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்சநீதிமன்றத்துக்குப் போனபோது, எங்கள் ராஜ்யத்தில் அப்படி யாருமே இல்லை என்று அரசாங்கங்கள் சத்தியம் செய்தன. இவர்கள் அள்ளுகிறவர்களின் பெயரையும் போட்டோவையும் திரட்டிக் கொண்டுபோய் வைத்தார்கள். திரட்டியவர்களில் பலர் அந்த வேலையில் பிறந்தவர்கள். அந்த இயக்கத்தின் பெஜவாடா வில்சன் கோலார் தங்கவயலில் அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். 2014இல் தீர்ப்பு வந்தது: 1993க்குப் பின் சாக்கடைக் குழியில் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம். 2023இல் அது முப்பது லட்சமாயிற்று. குழியில் சாவு நிற்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் 'இல்லை' என்று சொல்ல முடியாமற் போனது. 1932இல் பதில் வராத கடிதத்துக்கு இது ஒரு பதில். பட்டம் பெற்ற தொழில் எழுதிய பதில் அல்ல.

ஃபைலே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். விதவைப் பென்ஷனுக்கு யாராவது படிவம் நிரப்பித்தான் ஆக வேண்டும். ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடப்பவன் பக்கத்தில் யாராவது உட்காரத்தான் வேண்டும். இன்று பசிப்பவனிடம் அமைப்பு மாற்றத்தைப் பற்றிப் பேசுவது அயோக்கியத்தனம். என் ஆட்சேபம், அதை மட்டும் செய்துவிட்டுச் சமூகநீதி என்று பலகை மாட்டிக்கொள்வதைப் பற்றி. படிவத்தை நிரப்புகிறவர், ஒரே தெருவில் நாற்பது படிவம் ஏன் வருகிறது என்று கேட்காமலிருக்கச் சம்பளம் வாங்குகிறார் என்பதைப் பற்றி.

அந்தச் சம்பளமும் எங்கிருந்தோ வருகிறது. அந்நிய நன்கொடைச் சட்டம் பிறந்தது நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல். 2011இல் அதன் விதிகள், பந்த், ஹர்த்தால், மறியல் நடத்தும் அமைப்பை அரசியல் தன்மையுள்ளது என்று ஒதுக்க வழி செய்தன. 2020இல் உச்சநீதிமன்றம் அதைக் குறுக்கிப் பொருள் சொல்ல வேண்டியிருந்தது. 2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதம் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். ஆற்றில் சாயத்தை விட்டவரே கரையில் கண் சிகிச்சை முகாம் நடத்தலாம். முகாமுக்கு ஒரு சமூகப்பணியாளர் வேண்டும். ஆற்றைப் பற்றி அவர் அறிக்கையில் என்ன எழுத முடியும் என்று நினைக்கிறீர்கள்? 'நீர் மாசு'. எழுவாய் கிடையாது.

நம்மவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஆனால் நம் கதைகளில் மலம் அள்ளுகிறவள் எப்படி வருகிறாள்? அவளுடைய துக்கம் வருகிறது, நாற்றம் வருகிறது, கடைசியில் ஆசிரியரின் மனிதாபிமானம் வருகிறது. முனிசிபாலிட்டி வருவதில்லை. கக்கூஸைக் கட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரர் வருவதில்லை. இதுவும் கேஸ் ஹிஸ்டரிதான், கொஞ்சம் நல்ல தமிழில். சமூக சேவை அல்ல என்று சொல்லிக்கொண்டே சமூக சேவையின் மிக மோசமான வகையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

பள்ளிகளுக்கு நான் சொல்லக்கூடியது சிறியது. முதல் வகுப்பில் வரையறையை வைப்பதற்கு முன்னால் அந்தக் கப்பல் கடிதத்தை வையுங்கள். மாணவன் களத்திலிருந்து கொண்டுவரும் வாக்கியத்தில் எழுவாயை அடிக்காதீர்கள். நமக்குச் சொல்லவும் இதைவிடப் பெரிதாக என்னிடம் ஒன்றுமில்லை.