டெக் டிப்ஸ்: கன்ட்ரோல் + டி அடிச்சா வரி ஏன் அழியலை?

அட்டுவம்பட்டின்னா கொடைக்கானல்காரங்களுக்கு உடனே ஞாபகம் வருவது அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். அந்த ஊரிலிருந்து ஒரு வாசகி நம்ம டெஸ்க்குக்குப் பேசினார். எம்.சி.ஏ முடித்து, வீட்டிலிருந்தே பார்க்கும் முதல் வேலை. இன்னும் புரொபேஷன் முடியவில்லை. "டெமோவுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒரு வரியை அழிச்சேன். அழியலை. நான் கவனிக்காம டைப் பண்ணிட்டேன், ரெண்டு இடத்துல மாறிடுச்சு!"

தப்பு அவர் மேல் இல்லை, விரல் மேல். கல்லூரி லேபில் அவர் பழகியது எக்லிப்ஸ். அதில் கன்ட்ரோல் + டி அடித்தால் வரி காலி. இன்டெலிஜேயில் அதே கீ வரியை நகலெடுக்கும். ஆபீஸில் கொடுத்த வி.எஸ். கோடிலோ முதல் தடவை அடித்தால் கர்சர் நிற்கும் சொல் செலக்ட் ஆகும். மறுபடி அடித்தால் அதே சொல் அடுத்து வரும் இடமும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் டைப் செய்வதெல்லாம் ரெண்டு இடத்திலும் விழும். (1970-களில் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் கொண்டுவந்த கட், காப்பி, பேஸ்ட் மட்டும்தான் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுபோல வேலை செய்கிறது. புண்ணியவான்கள்!)

சரிசெய்வது சுலபம். விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் வி.எஸ். கோடைத் திறந்து கன்ட்ரோல் + கே, தொடர்ந்து கன்ட்ரோல் + எஸ் அடியுங்கள். ஷார்ட்கட் பட்டியல் வரும். 'டெலீட் லைன்' என்று தேடுங்கள். அதற்கு ஏற்கெனவே இருப்பது கன்ட்ரோல் + ஷிஃப்ட் + கே. அந்த வரியை டபுள் கிளிக் செய்து, கன்ட்ரோல் + டி அழுத்தி, என்டர் தட்டினால் போதும். 'இந்த கீ வேறொரு வேலையிலும் இருக்கிறது' என்று அதுவே சொல்லும். அந்த வேலையை விட்டுவிடாதீர்கள். ஒரே பெயரைப் பல இடத்தில் மாற்ற அது தங்கமான வசதி, வேறொரு கீ கொடுத்து வையுங்கள். பிடிக்கவில்லையா? ரைட் கிளிக்கில் 'ரீசெட்' இருக்கிறது.

பழைய பழக்கம் மொத்தமும் வேண்டுமென்றால், எக்ஸ்டென்ஷன் பகுதியில் 'எக்லிப்ஸ் கீமேப்' தேடி நிறுவலாம். ஆனால், எனக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. நாளைக்கு டீம் லீடர் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கீபோர்டைத் தொட்டால் அவருக்குத் தலை சுற்றும். நாலைந்து கீயை மாற்றினால் போதும். சேவ், அன்டூ பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள்.

லேப்டாப் மாறினாலும் பயமில்லை. 'செட்டிங்ஸ் சிங்க்' ஆன் செய்து கிட்ஹப் கணக்கில் நுழைந்தால், மாற்றிய கீ எல்லாம் கூடவே வரும்.

வாசகி மாற்றிவிட்டார். அடுத்த டெமோ வெள்ளிக்கிழமையாம்.