கல் விழுவது கூரையில், காசு அளப்பது சுவரில்

அசாமில் ஆலங்கட்டி மழை ஓய்ந்ததும் வருவாய்த் துறை ஊழியர் வந்து வீட்டைப் பார்க்கிறார். தகரக் கூரை சல்லடையாகிக் கிடக்கிறது. நிவாரணத் தொகையை முடிவு செய்வது அந்தக் கூரை அல்ல, பெரும்பாலும் சுவர். செங்கல்லா, மூங்கிலா?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 காலத்துக்கான விதிகளில் ஆலங்கட்டி மழையும் ஒரு பேரிடர். பகுதி சேதமடைந்த பக்கா (செங்கல் சுவர்) வீட்டுக்கு 6,500 ரூபாய். கச்சா (மூங்கில் சுவர் போன்ற) வீட்டுக்கு 4,000 ரூபாய். இரண்டுக்குமே குறைந்தது 15 சதவீதச் சேதம் வேண்டும். பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஒரே கடையில் வாங்கிய தகரம், ஒரே மழை. ஆனால் மூங்கில் சுவர்க்காரருக்கு 2,500 ரூபாய் குறைவு. ஏழைக்குத் தகரக்கடையில் தள்ளுபடி உண்டா?

அந்த 15 சதவீதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளத்தையும் நிலநடுக்கத்தையும் மனதில் வைத்துப் போட்ட கணக்குப்போல இருக்கிறது அது. அவற்றில் சுவர் போனால் வீடு போயிற்று. ஆலங்கட்டியோ சுவரில் கீறல் விழாமலே வீட்டைக் குடியிருக்க முடியாததாக்கிவிடும். இரண்டரை முதல் நாலரை சென்டிமீட்டர் விட்டமுள்ள கல், மணிக்கு 40 முதல் 65 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறது. மெல்லிய தகரம் தாங்காது. துருப்பிடித்த தகரம் கேட்கவே வேண்டாம். அடுத்த மழை நெல்லையும் படுக்கையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் நனைக்கிறது. வீட்டின் மொத்த மதிப்பில் கூரையின் பங்கு எத்தனை சதவீதம் என்று அப்போது கணக்குப் பார்ப்பது கொடுமை. கிடைக்கும் 4,000 ரூபாய் தகரம், ஆணி, கூலி மூன்றுக்கும் சேர்த்து ஒரு பக்கச் சரிவுக்குக்கூட வராது.

பங்குனி, சித்திரையில் பர்தைசிலா எனப்படும் புயல்காற்றோடு கல்மழை வருவது அசாமுக்குப் பழக்கம். 2022 டிசம்பர் இறுதியில், பருவமே இல்லாத நேரத்தில், திப்ருகட், சராய்தேவ், சிவசாகர், தின்சுகியா மாவட்டங்களில் 4,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கல்மழை சேதப்படுத்தியது. இதற்குப் பிறகும் கூரைக்கென்று 2022-26 விதிகளில் ஒரு வரி இல்லை.

கனடாவின் கால்கரி நகரில் 2020 ஜூன் 13 அன்று பெய்த கல்மழையில் காப்பீட்டு இழப்பு மட்டும் 100 கோடி கனடா டாலரைத் தாண்டியது. நகராட்சி என்ன செய்தது? கல் தாங்கும் கூரைக்கு மாறுவோருக்கு 3,000 டாலர் வரை திருப்பித் தந்தது. வட அமெரிக்காவில் அத்தகைய கூரைக்கான மிக உயர்ந்த தரச்சோதனையில், இரண்டு அங்குல இரும்புக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இருமுறை போட்டுப் பார்ப்பார்கள். கூரை விரிசல் விடக்கூடாது. கூரை உடைந்தால் கூரையைப் பற்றி யோசித்த ஊர் அது. பணக்கார நாட்டோடு ஒப்பிடலாமா என்பார்கள். ஒப்பிடலாம், யோசிக்கப் பணம் தேவையில்லை.

‘காப்பீடு எடுக்கட்டுமே’ என்பது டெல்லி அறைகளில் இருந்துகொண்டு சொல்லும் யோசனை. மூங்கில் சுவர் வீட்டுக்குப் பாலிசி விற்க யார் போகிறார்கள்? ஆனாலும் வசதி உள்ளவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் விற்பனையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ பாலிசியில், குறைத்துக் காப்பீடு செய்ததைக் காட்டி இழப்பீட்டை வெட்டுவதில்லை. வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே பாதுகாப்பு உண்டு. ஆலங்கட்டிச் சேதமும் அடங்குமா என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தார்ப்பாய் போடுவதற்கு முன் படம் எடுங்கள். உள்ளிருந்து ஓட்டை வழியே வெளிச்சம் தெரியும்படி எடுத்த படத்தை மறுப்பது கடினம். உடைந்த தகரங்களை எண்ணி எழுதுங்கள். நிவாரண மனுவை வருவாய்ச் சர்க்கிள் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தகரம் வாங்கிய ரசீதை விடாதீர்கள். புதிதாக வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் கனத்தையும் கேளுங்கள்.

மேலே சொன்ன நிவாரண விதிகள் 2025-26 நிதியாண்டு வரைக்கானவை. அடுத்த பட்டியலில் ‘கூரை’ என்று தனித் தலைப்பு வேண்டும்; சுவர் எதுவானாலும் உடைந்த தகரத்தின் பரப்புக்கு ஏற்ற தொகை வேண்டும்; 15 சதவீத வரம்பு ஆலங்கட்டிக்குப் பொருந்தாது என்று எழுத வேண்டும். இந்த மூன்று வரிகளைச் சேர்த்தால் கல்மழைக்குப் பிறகு அசாமில் தார்ப்பாய்க்குக் கீழே மழைக்காலத்தைக் கழிக்கும் குடும்பங்கள் குறையும். சேர்க்காமல் பழைய பட்டியலையே நகலெடுத்தால், தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும் குடும்பங்களுக்கு அதில் கையெழுத்திடுபவர்களும் பொறுப்பு.