மிஸ்கீன் என்றால் பிச்சைக்காரரா?



ரமழான் நெருங்கினால் இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து நமது ஊர்களில் ஒரு சொல் மலிந்துவிடும். மிஸ்கீன். கதவைத் தட்டுபவர் மிஸ்கீன். கிழிந்த சட்டை போட்டவர் மிஸ்கீன். வகுப்பில் பேசாமல் இருக்கும் பிள்ளையும் "பாவம், மிஸ்கீன்". அதே வாய் லயத்து ஆக்களைப் பார்த்து, "நாட்சம்பளம் இருக்கு, கையில போன் இருக்கு, இவங்க என்ன மிஸ்கீன்?" என்றும் கேட்கிறது.

இரண்டுமே பிழை. பிள்ளைகளுக்குச் சொல்லும் பொருளும் சொற்பொருளும் கற்பிப்பவர்கள் நாம். ஆகவே வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

வெள்ளிக்கு வெள்ளி ஸூரா கஹ்ஃப் ஓதுகிறோமே, அதில் ஓட்டை போடப்பட்ட கப்பல் யாருடையது? கடலில் வேலை செய்த மிஸ்கீன்களுடையது என்கிறது 79ஆம் வசனம். கப்பல் இருந்தது, தொழில் இருந்தது, இருந்தும் அல்லாஹ் அவர்களை அப்படித்தான் அழைத்தான். ஒன்றுமில்லாதவர் அல்லது தேவையில் பாதிகூடக் கிடைக்காதவர் பகீர், உழைத்தும் போதாதவர் மிஸ்கீன் என்று ஷாஃபி மத்ஹப் பிரிப்பதற்கு இந்த வசனமும் ஓர் ஆதாரம். (ஹனஃபிகள் இதை மாற்றிச் சொல்வார்கள், அது வேறு பாடம்.)

உழைத்தும் போதாதவரைத் தேடி நாம் எங்கே போக வேண்டும்? கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். விடிய மழை பெய்தால் இறப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. 2019இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்த கணக்கில் முழு நாட்டிலும் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தவர்கள் 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8. இது பொருளாதாரம் விழுவதற்கு முந்திய கணக்கு. அரசாங்கம்கூட 2023இல் அஸ்வெசுமவைத் தொடங்கியபோது உதவி பெறுவோரை நான்கு படியாகப் பிரித்தது. நாம்தான் எல்லாரையும் ஒரே சொல்லுக்குள் தள்ளி, அதையும் இளக்காரமாகச் சொல்கிறோம்.

"லயத்தில் பெரும்பாலோர் நமது மார்க்கத்தவர் இல்லையே, ஸகாத் எப்படிக் கொடுப்பது?" என்று கீழே எழுத வருவீர்கள். ஸதகாவுக்கு அந்தத் தடை இல்லை. தோட்டத்துச் சில்லறைக் கடையை நம்பி வாழும் நமது குடும்பங்களும் அதே மலையில்தான் இருக்கின்றன. தோட்டத்தில் சம்பளம் குறைந்தால் அந்தக் கடையின் கடன் கொப்பி தடிக்கிறது. கடைக்காரர் கேட்க மாட்டார், பள்ளிவாசல் வரிசையிலும் நிற்க மாட்டார். வீடு வீடாகச் சுற்றுபவரை அல்ல, போதாமல் இருந்தும் கேட்காமல், பிறர் கண்ணில் படாமல் இருப்பவரையே நபி (ஸல்) அவர்கள் மிஸ்கீன் என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது.

இப்படிப்பட்டவரை அரிசிப் பையோடு நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுகிறோம். அடுத்த நாள் அவரது பிள்ளை அந்தப் பட்டத்தோடுதான் வகுப்புக்கு வருகிறது.

இந்த வருடப் பட்டியல் எழுதுபவர்கள், கேட்டு வந்தவர்களோடு நிறுத்தாமல் கடன் கொப்பி வைத்திருப்பவரிடமும் வகுப்பாசிரியரிடமும் தனியாக விசாரியுங்கள். கமராவை வீட்டில் வைத்துவிட்டு, இஷாவுக்குப் பிறகு போய்க் கொடுங்கள்.