ஊரார் கேட்டால் மட்டும் பிச்சையா?



மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே, சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அண்மையிலே இருக்கிறது ராயகிரி. தென்காசி மாவட்டத்துப் பேரூராட்சிகளிலே ஒன்று. மலையிலே மழை பெய்தால் வயல் சிரிக்கும்; மழை பொய்த்தால் வயிறு எரியும். தென்காசிச் சீமையின் பல ஊர்களிலே, வயல் கைவிட்ட நாளிலும் பெண்களின் கை ஓய்வதில்லை. மடியிலே தட்டு, தட்டிலே இலை, இலைக்குள்ளே தூள் என்று பீடி சுற்றியே குடும்பத்தைக் காக்கிறார்கள்.

அப்படிப்பட்ட தாய்மார்கள் சிலர் ராயகிரியிலே ஒன்றுகூடி ஒரு சங்கம் கண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவர்களது தேவை மாளிகையல்ல. வேலை நேரத்திலே கைக்குழந்தைகளை விட்டுவைக்க ஒரு கட்டடம், காற்றோட்டமான ஒரு கூடம், குடிநீர்த் தொட்டி ஒன்று; அவ்வளவே! மனுக் கொடுத்துக் கொடுத்து மை உலர்ந்தது, பதில் வரவில்லை. இந்த நிலையிலே, சென்னையிலுள்ள சப்பானியத் துணைத் தூதரகம் இத்தகைய சிறுபணிகளுக்கு மானியம் வழங்குகிறது என்று கேள்விப்பட்டு, விண்ணப்பம் எழுதலாமா என்று கலந்து பேசுகிறார்கள்.

உடனே இரண்டு குரல்கள் எழும். “அந்நியன் காசுக்கு ஆசைப்படுகிறாயா? தேசத்துரோகம்!” என்பது ஒரு குரல். அது மாற்றார் முகாமிலிருந்து வரும். “போராடிப் பெற வேண்டியதைப் பிச்சை கேட்டுப் பெறுவதா?” என்பது மற்றொன்று. அது நம் வீட்டுக்குள்ளிருந்தே வரும். இரண்டுக்கும் விடை கூறியாக வேண்டும். முதலாவது, நஞ்சு. இரண்டாவது, நோய். நஞ்சை முறிக்க வேண்டும். நோயை ஆற்ற வேண்டும்.

முதலில், அந்த மானியம் எத்தகையது? 1989-இல் சப்பான் அரசு தொடங்கிய திட்டம் அது. 2003 முதல் ‘மனிதப் பாதுகாப்புக்கான அடித்தள மானியம்’ என்ற பொருளுடைய பெயரில் நடக்கிறது. ஒரு பணிக்கு ஒரு கோடி யென் என்பதே நெடுங்காலம் பொது வரம்பாக இருந்தது. கடனல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை. கட்டடத்துக்கும் கருவிக்கும் கிடைக்கும். சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் கிடைக்காது. தனி மனிதருக்கும் இலாபம் தேடும் நிறுவனத்துக்கும் இடமில்லை. விலைப்புள்ளிகள் கேட்பார்கள், இடத்தை வந்து பார்ப்பார்கள், கணக்குக் கேட்பார்கள். ஈழத்தமிழர் வாழும் வன்னி மண்ணிலே புதைந்து கிடந்த கண்ணிவெடிகளை அகற்றும் பணிக்கும் இந்த மானியம் துணை நின்றது. உழவன் மீண்டும் தன் நிலத்திலே அச்சமின்றிக் கால் வைத்தானே, அதைப் பிச்சை என்று எவரேனும் சொல்லத் துணிவார்களா?

சப்பான் அரசு கர்ணன் பரம்பரை என்று நாம் கூறவில்லை. கட்டி முடித்த சுவரிலே தன் கொடியைப் பொறிக்கிறது, நன்மதிப்பைத் தேடுகிறது. தேடட்டுமே! அதை அறிந்தே வாங்குவோம். அறியாமல் வாங்குவதிலேதான் அடிமைத்தனம் இருக்கிறது.

“அந்நியன் காசு” என்று அலறுவோரைக் கேட்கிறோம்: இந்த நாட்டின் கிராம வளர்ச்சி எவர் காசிலே தொடங்கியது? 1952 அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளிலே, சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது, அமெரிக்க அரசின் உதவியும் ஃபோர்டு அறக்கட்டளையின் பணமும் அதற்குப் பக்கபலமாக நிற்கவில்லையா? வாசுதேவநல்லூரிலே நிற்கிறதே ஊராட்சி ஒன்றிய அலுவலகம், அத்தகைய அலுவலகங்களின் மூலவித்து அந்தத் திட்டத்திலேதான் இருக்கிறது. 1956-இல் பி.எல். 480 ஒப்பந்தம் போட்டு அமெரிக்கக் கோதுமையை இறக்கியது ஊர்ச் சங்கமா, தில்லி அரசா? தருமபுரி, கிருட்டினகிரி மக்களின் தாகம் தீர்க்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும், சென்னை மெட்ரோ ரயிலுக்கும் சப்பானியக் கடன் வந்ததே, அப்போது தேசத்தின் மானம் எந்த இரும்புப் பெட்டியிலே பூட்டி வைக்கப்பட்டிருந்தது?

அரசு வாங்கினால் ஒப்பந்தம். ஊர் வாங்கினால் துரோகம்! கோட்டையிலே கையெழுத்திட்டால் இராசதந்திரம். ராயகிரியிலே கையெழுத்திட்டால் சதி! என்னே இவர்களது நியாயம்!

இனி, சட்டத்தைப் பாருங்கள். அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் முதன்முதலில் பிறந்தது 1976-இல், நெருக்கடி நிலை என்னும் காரிருளிலே. 2010-இல் அது புதுச் சட்டமாயிற்று. 2020-இல் வந்த திருத்தம் அதன் பிடியை மேலும் இறுக்கியது. பதிவு கேட்கும் சங்கம் மூன்றாண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்றாண்டுகளிலே தன் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும். பீடி சுற்றும் தாய்மார்கள் 15 லட்சத்துக்கு எங்கே போவார்கள்? அவ்வளவு பணம் கையிலே புரண்டிருந்தால் மானியம் எதற்கு? அந்தப் படியை ஏற முடியாதவர்களுக்கு முன்அனுமதி என்ற வழி உண்டு. கொடுப்பவரின் உறுதிக் கடிதத்தோடு உள்துறை அமைச்சகத்தின் வாயிலிலே காத்திருக்க வேண்டும்.

முன்னெல்லாம் பதிவு பெற்ற பெரிய நிறுவனம் ஒன்று பணத்தைப் பெற்றுச் சிற்றூர்ச் சங்கங்களுக்குப் பகிர்ந்தளிக்க வழி இருந்தது. 2020 திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. பணம் வந்து இறங்க வேண்டிய கணக்கோ, புதுதில்லியிலே பாரத ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளையிலே! “உள்ளூர்க் கிளை வழியாகவே திறக்கலாம், தில்லிக்குப் போக வேண்டியதில்லை” என்பார்கள். மெய்தான். ஆனால் ராயகிரித் தொட்டிக்கு வரும் தண்ணீர் தில்லிக் குழாயைச் சுற்றித்தான் வர வேண்டும் என்று விதித்தவர்களின் நோக்கம் விளங்கவில்லையா? உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலிலே இந்தத் திருத்தத்தைச் செல்லும் என்று கூறிவிட்டது. தீர்ப்புக்குத் தலைவணங்குவோம், ஆனால், செல்லுபடியாகும் சட்டமெல்லாம் நல்ல சட்டமென்று எவரும் கூறவில்லை. மாற்றக் கோரும் உரிமை மக்களுக்கு உண்டு.

இவ்வளவு கடுமை காட்டியவர்கள் தங்களுக்கு மட்டும் என்ன செய்துகொண்டார்கள் தெரியுமா? தூத்துக்குடி மக்கள் நன்கறிந்த வேதாந்தா குழுமத்தைச் சார்ந்த நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றதன் மூலம், பாரதீய சனதாவும் காங்கிரசும் இந்தச் சட்டத்தை மீறின என்று 2014 மார்ச்சிலே தில்லி உயர்நீதிமன்றம் கூறிற்று. நடவடிக்கை வந்ததா? வரவில்லை, திருத்தம் வந்தது! 2016-இல் நிதிச் சட்டத்துக்குள்ளே மறைத்து, ‘அயல்நாட்டு மூலம்’ என்பதன் இலக்கணத்தையே மாற்றினார்கள். அது போதாதென்று 2018-இல், அந்த மாற்றம் 1976-ஆம் ஆண்டிலிருந்தே செல்லும் என்று விதித்தார்கள். மக்களவையிலே அமளிக்கு நடுவே, விவாதமின்றி, அது நிறைவேறியது. நாற்பதாண்டுக் குற்றம் ஒரு நொடியிலே குற்றமில்லாமற் போயிற்று! கட்சிக்குப் பின்னோக்கிப் பாயும் கருணை. தாய்மார் சங்கத்துக்கு முன்னோக்கி நீளும் முள்வேலி!

மாநிலங்களுக்குள்ளும் இந்த ஓரவஞ்சனை உண்டு. 2018 வெள்ளத்திலே கேரளம் தத்தளித்தபோது, ஐக்கிய அரபு அமீரகம் உதவ முன்வந்ததாகச் செய்தி வந்ததும், அயல் அரசுகளின் உதவி கூடாது என்றது தில்லி. 2020-இல் பிறந்த பி.எம். கேர்ஸ் நிதிக்கோ இந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு. 2025 மே மாதத்திலே மராட்டிய முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு அயல்நாட்டு நன்கொடை பெற அனுமதி கிடைத்தது. ஒரு கண்ணிலே வெண்ணெய், மறு கண்ணிலே சுண்ணாம்பு!

இனி நம் வீட்டுக் குரலுக்கு வருவோம். “மானியம் வந்தால் போராட்டம் மழுங்கும்” என்று சொல்லும் தோழர்களின் அச்சத்திலே நியாயம் இருக்கிறது. “வெளிநாட்டான் கட்டிக் கொடுத்துவிட்டான், இனி எங்களுக்கென்ன வேலை?” என்று ஆள்வோர் கைகழுவ முனைவார்கள். ஆனால் எண்ணிப் பாருங்கள்: மானியம் கட்டடத்தைத் தரும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குச் சம்பளம் தராது, பால் தராது, மின்கட்டணம் கட்டாது. அவற்றைத் தர வேண்டியது நம் வரிப்பணத்தைப் பெறும் அரசு. கட்டடம் எழுந்த நாளிலேதான் கோரிக்கைக்கு முகவரி கிடைக்கிறது. வெறும் மனுவை ஒதுக்கிவிடுவார்கள். எழுந்து நிற்கும் கட்டடத்தை, உள்ளே அழும் குழந்தையை, எந்த அதிகாரி ஒதுக்குவார்?

இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஊரிலே ஒரு நல்ல சங்கம் தோன்றினால், தலைவர் நாற்காலியிலே நம்மவர் அமர வேண்டும் என்ற ஆசை நம்மிலே பலருக்கு வருகிறது. அந்த ஆசையே சங்கத்துக்கு எமனாகும்! அரசியல் கட்சியும் அதன் பொறுப்பாளரும் அயல்நாட்டுப் பங்களிப்புப் பெறக் கூடாது என்கிறது சட்டம். சட்டமன்ற உறுப்பினர் மட்டுமல்ல, ஊராட்சி, நகராட்சி மன்றங்களிலே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அந்தத் தடைக்குள்ளேயே வருகிறார்கள். கிளைச் செயலாளரும் பேரூராட்சி உறுப்பினரும் அமர்ந்த சங்கத்தின் மீது ‘அரசியல் தன்மை’ என்ற முத்திரை குத்துவது எளிது. ஆகவே, நாற்காலியை நாடாதீர். எழுதுகோலை எடுத்துக் கொடுங்கள்!

அதேவேளையில், உரிமை கேட்டு வீதிக்கு வருவதாலேயே ஒரு சங்கம் அரசியல் அமைப்பாகிவிடாது. 2020 மார்ச்சிலே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிற்று: கட்சி அரசியலின் நோக்கமின்றி, பொதுக் காரியத்துக்காக முழு அடைப்பு, மறியல் போன்றவற்றை ஆதரித்தாலும் அந்த அமைப்புக்குத் தடை பொருந்தாது. மானியம் கேட்கும் கை, முழக்கமிடும் கையாகவும் இருக்கலாம் என்பதே இதன் பொருள்.

எனவே தோழர்களே, செய்ய வேண்டியது இது: உங்கள் ஊர்ச் சங்கத்தை முறைப்படிப் பதிவு செய்யத் துணை நில்லுங்கள். இன்றைக்கே கணக்கு எழுதத் தொடங்கச் செய்யுங்கள். மூன்றாண்டுக் கணக்கு மூன்று நாளிலே முளைக்காது. கட்டப்போகும் இடம் எவர் பெயரிலே இருக்கிறது என்று பாருங்கள். கட்டியபின் எவர் நடத்துவது, எதைக்கொண்டு நடத்துவது என்பதை ஊர்க்கூட்டத்திலே பேசி எழுதச் சொல்லுங்கள். தரகர் வந்து “நான் வாங்கித் தருகிறேன், இத்தனை விழுக்காடு கொடு” என்றால் வாசலோடு அனுப்புங்கள். அதன்பின், பெறும் வழியைச் சிறுசங்கங்களுக்குத் திறந்துவிடும்படி தில்லியையும், நடத்தும் செலவை ஏற்கும்படி மாநில அரசையும் நெருக்குங்கள்.

ராயகிரித் தாய் நீட்டுவது பிச்சைக்கான கையல்ல. அந்தக் கை ஆயிரம் பீடி சுற்றி, அரை வயிற்றுக்கு உண்டு, நாட்டுக்கு வரியும் கொடுத்த கை. கோடிகளைக் கடனாக வாங்கியவர்களும், சட்டத்தைத் தங்களுக்காக நாற்பதாண்டு பின்னோக்கி வளைத்தவர்களும் அந்தக் கையைப் பார்த்து மானம் பேச வேண்டாம்!