கண்ணில் விழும் நெல் தூசி: பார்வையே போகும் ஆபத்து! அறுவடை வேலைக்கு போறவங்க உஷார்

செஞ்சி:

செஞ்சி வட்டாரத்தில் அறுவடை தொடங்கிவிட்டால் மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டைகள் மலை போல் குவியும். அறுப்பு, தூற்றுதல், மூட்டை தூக்குதல் என்று எங்கு பார்த்தாலும் தூசிதான். கண்ணுல துரும்பு விழுந்தா, 'சும்மா தூசிதானே' என்று முந்தானையால் கசக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

கிராமத்தில் கண் நோய் என்றால் புரையும் மெட்ராஸ் ஐயும்தான் நினைவுக்கு வரும். புரை வயதானால் வருவது. ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் தானாகவே சரியாகும். கருவிழிப் புண் அப்படி இல்லை. ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். 'கண்ணுல பூ விழுந்துடுச்சு' என்பது இதைத்தான்.

பாதிப்பேருக்கு பூஞ்சை

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை டாக்டர்கள் ஆய்வு செய்தனர். அதில் 284 பேருக்கு முதலில் கண்ணில் அடிபட்டிருந்தது. பெரும்பாலும் வயல் வேலையில் பட்ட காயம். கிருமி தெரியவந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு பூஞ்சை. நெல், வைக்கோல், மண்ணில் இருக்கும் அதே பூஞ்சைதான்!

மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்து

அடுத்த தப்பு வைத்தியத்தில் நடக்கிறது. பச்சிலைச் சாறு, தாய்ப்பால் விடுவதால் புதுக்கிருமி சேரும். கடையில் கேட்டு வாங்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு உண்டு. எரிச்சல் சட்டென்று அடங்கும். உள்ளே பூஞ்சை கொழுத்து வளரும். வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது கருவிழியில் ஓட்டையே விழுந்திருக்கலாம்.

ஒருநாள் கூலி போகுமே என்ற பயத்தில்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். கண் போனால் ஆயுசுக்கும் கூலி போகும்.

என்ன செய்யணும்?

கசக்காதீங்க. சுத்தமான தண்ணீரில் கழுவுங்க. உறுத்தல், சிவப்பு, வலி இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்க. காயம் பட்ட அன்றே கிருமி தடுக்கும் களிம்பு போட்டால் புண் வராமல் தடுக்கலாம் என்று நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஆய்வு 2001-ல் காட்டியது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியும், புதுச்சேரி அரவிந்தும் பஸ் தூரத்தில்தான்.

வேலையில் சாதாரண பிளாஸ்டிக் கண்ணாடி போட்டாலே ஆபத்து குறையும். மூட்டைக்கு தலையில் துண்டு கட்டுவது போல, கண்ணுக்கும் ஒரு காவல் வேணும்.