காசு கொடுத்து ரயில் எண்ணிய பட்டதாரிகள்!

டெல்லி ரயில் நிலையத்தின் பிளாட்பாரங்களில் தமிழ்நாட்டு வாலிபர்கள் நிற்கிறார்கள். எத்தனை ரயில் வந்தது, எத்தனை போனது, ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டி என்று எண்ணுகிறார்கள். தினமும் 8 மணி நேரம். இப்படியே ஒரு மாதம்!

டிக்கெட் பரிசோதகர் வேலைக்கு இதுதான் பயிற்சி என்று சொல்லி அவர்களை அங்கே நிறுத்தி இருந்தார்கள்.

சினிமா காமெடி அல்ல. 2022-ம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் நடந்த சம்பவம். மொத்தம் 28 பேர். பெரும்பாலோர் என்ஜினீயரிங், தொழில்நுட்பம் படித்தவர்கள். ஆளுக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை கொடுத்து இருந்தார்கள். மொத்தம் ரூ.2 கோடியே 67 லட்சம் 'சுவாகா'!

மருத்துவ பரிசோதனை நடந்தது. பயிற்சி உத்தரவு, அடையாள அட்டை, நியமன உத்தரவு எல்லாம் கையில் கொடுத்தார்கள். ரயில்வே அதிகாரிகள் பார்த்த பிறகுதான் அத்தனையும் போலி என்று தெரிந்தது. டெல்லி போலீசின் பொருளாதார குற்றப்பிரிவு வரை விவகாரம் போனது.

"படிச்ச பசங்களுக்கு இதுகூடவா தெரியாது?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். கேட்பது சுலபம்.

டிகிரி வாங்கிய பிள்ளை வீட்டில் சும்மா இருந்தால் முதல் வருஷம் அப்பா கேட்பார். இரண்டாவது வருஷம் தெருவே கேட்கும். அதே 2022-ல் குரூப்-4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. மனு போட்டவர்கள் சுமார் 22 லட்சம் பேர். ஒரு நாற்காலிக்கு 300 பேர்! பத்தாம் வகுப்பு பாஸ் செய்தால் போதும் என்கிற வேலைக்கு பி.ஈ.யும் எம்.ஏ.வும் வரிசை கட்டுகிறார்கள். நின்று நின்று கால் கடுத்தவன் காதில்தான் அந்த குரல் விழுகிறது.

"தம்பி, உள்ளே நமக்கு ஆள் இருக்கு. பாதி இப்போ கொடு. மீதி ஆர்டர் கையில வந்த பிறகு கொடுத்தா போதும்."

சொல்கிறவன் பெரும்பாலும் தெரிந்தவனுக்குத் தெரிந்தவனாக இருப்பான். அம்மாவின் செயின் அடகுக் கடைக்கு போகிறது. நிலப் பத்திரமும் பின்னாலேயே போகிறது.

குரூப்-4 வேலைக்கு இன்டர்வியூவே கிடையாது. எழுத்துத் தேர்வு மார்க், சான்றிதழ் சரிபார்ப்பு, கவுன்சிலிங். அவ்வளவுதான். இதில் 'உள்ளே ஆள்' எந்த நாற்காலியில் உட்கார்ந்து இருக்கிறாராம்?

நிஜமாகவே தில்லுமுல்லு நடந்த கதையும் உண்டு. 2019 குரூப்-4 தேர்வில் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் மறையும் மையால் எழுதி, விடைத்தாளில் கை வைத்தார்கள். 2020 ஜனவரியில் குட்டு உடைந்தது. சி.பி.சி.ஐ.டி. வலை வீசி பலரைப் பிடித்தது. 99 பேருக்கு ஆயுள் முழுக்க தேர்வு எழுத தடை! காசும் போச்சு, எதிர்காலமும் போச்சு.

ரயில்வே தேர்வுக்கு பொதுப்பிரிவினர் கட்டும் கட்டணம் 500 ரூபாய். முதல் கட்ட கம்ப்யூட்டர் தேர்வை எழுதினால் அதிலும் 400 ரூபாயை, வங்கிச் செலவு போக, திருப்பித் தருகிறார்கள். கட்டிய பணத்தை திருப்பித் தருகிற இடத்துக்கு எவனோ 24 லட்சம் கேட்கிறான் என்றால் பெற்றோர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

போலீசாரிடமும் நமக்கு ஒரு கேள்வி உண்டு. ஏமாந்தவன் ஸ்டேஷன் படி ஏறினால், "லஞ்சம் கொடுக்கப் போனவன்தானே நீ?" என்று மடக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி பேர் இதற்கு பயந்தே வாயை மூடிக் கொள்கிறார்கள். மோசடி ஆசாமி அடுத்த ஊரில் ஜாம் ஜாம் என்று கடை விரிக்கிறான். புகார் வந்த அன்றே அவன் பாங்க் கணக்கை முடக்கினால் செயின் பணத்தில் கொஞ்சமாவது மிஞ்சும். ஆறு மாதம் கழித்து பிடித்து என்ன பயன்? பணம் காலி ஆகி இருக்கும்.

புகார் வரும் வரை காத்திருக்கவும் வேண்டியது இல்லை. மின்சார ரயில் பெட்டிகளிலும், விளக்குக் கம்பங்களிலும் 'உடனடி வேலை' என்று நோட்டீசு ஒட்டி இருக்கிறார்கள். எல்லோர் கண்ணிலும் படுகிறது, போலீஸ் கண்ணில் மட்டும் படவில்லை போலும். ஒவ்வொன்றிலும் போன் நம்பர் பெரிதாக அச்சடித்து இருக்கிறது. மப்டியில் ஒரு ஏட்டய்யா, "சார், என் பையன் பி.காம். முடிச்சிருக்கான். எவ்வளவு ஆகும்?" என்று அந்த நம்பர்களுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கட்டும்.